பத்தடி பிளெக்ஸுக்கு 300 டிபிஐ வேண்டுமா?

கேள்வி: தங்கையின் வளைகாப்பு மேடைக்கு 10 அடி அகலம், 8 அடி உயரத்தில் பிளெக்ஸ் அடிக்கிறோம். போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் இருக்கிறது. கடையில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்கிறார்கள். போட்டோஷாப்பில் 300 என்று மாற்றிக் கொடுத்தால் போதுமா?

பதில்: அப்படி மாற்றுவதால் எந்தப் பலனும் இல்லை. ரீசாம்பிள் (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்துவிட்டு 300 போட்டால் பிக்சல் ஒன்றுகூட அதிகமாகாது. படத்தின் அகலம்தான் 13 அங்குலமாகச் சுருங்கும். டிக்கை வைத்தே மாற்றினால் இல்லாத பிக்சல்களை மென்பொருள் ஊகித்து நிரப்பும். ஃபைல் பெருக்கும், முகத்தில் தெளிவு அதிகமாகாது. 10 அடிக்கு உண்மையிலேயே 300 என்றால் 36,000 பிக்சல் அகலம் வேண்டும். போட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி ஃபைலின் உச்சவரம்பே 30,000தான்.

300 என்பது கையில் பிடித்து ஓரடி தூரத்தில் படிக்கும் புத்தகத்துக்கான அளவு. தள்ளி நின்று பார்ப்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: பார்க்கும் தூரத்தை அங்குலத்தில் எடுத்து, 3,400-ஐ அதனால் வகுங்கள். 10 அடி, அதாவது 120 அங்குலத்துக்கு விடை 28. அங்குலத்துக்கு அத்தனை பிக்சல் இருந்தால் போதும். உங்கள் படம் 4000 x 3000 பிக்சல் என்றால், 4000-ஐ 120 அங்குலத்தால் வகுக்க அங்குலத்துக்கு 33 பிக்சல். தாராளம். 5 அடியில் நின்றால் 57 வேண்டும். அங்கே சற்று மங்கலாகத் தெரியும். மேடைக்குப் பின்னால் கட்டும் பிளெக்ஸை அவ்வளவு நெருங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணினியில் ஓர் அடியை ஓர் அங்குலமாக வைத்து டிசைன் செய்யும் வழக்கம் உண்டு. அவர் கேட்பது அந்த 10 x 8 அங்குலப் பக்கத்துக்கான 300 என்றால் 3000 x 2400 பிக்சல்தான். உங்கள் படம் அதற்கும் மேல்.

பெரும்பாலும் படம் கெடுவது வேறு இடத்தில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி, அங்குலத்துக்கு 13தான் மிஞ்சும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள். அடுத்தது கிராப். தங்கையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் வெட்டிய பகுதியின் பிக்சலைத்தான் எண்ண வேண்டும். பாதி அகலம் போனால் 33 பாதியாகிவிடும். இருட்டு மண்டபத்தில் எடுத்த படமாக இருந்தால் பிக்சல் எண்ணிக்கை சரியாக இருந்தும் முகம் பூசினாற்போல இருக்கும். பகல் வெளிச்சத்தில் பின்பக்க கேமராவில் வேறொன்று எடுத்துவிடுங்கள்.

பெயரையும் தேதியையும் படத்தோடு படமாகச் சேர்க்கக் கூடாது. கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் எழுத்தாகவே அடித்து, பிழை திருத்திய பிறகு கர்வாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றச் சொல்லுங்கள். எழுத்தின் விளிம்பு எந்த அளவிலும் கூர்மையாக நிற்கும். அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலும் எழுத்து உடையாது. ஓரத்தில் ஐலெட் (கயிறு கட்டும் வளையம்) அடிப்பார்கள், சட்டத்திலும் மடிப்பார்கள். அதனால் நாலு பக்கமும் 3 அங்குலத்துக்கு முகமோ எழுத்தோ வர வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. முகத்திலிருந்து 264 x 363 பிக்சல் துண்டை வெட்டி, 8 x 11 அங்குலமாக ஒரு ஏ4 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். 10 அடி தள்ளி நின்று பாருங்கள். பிளெக்ஸிலும் கிட்டத்தட்ட அதே தெளிவுதான் இருக்கும்.