திமிர் அல்ல, நோய்

ஐயா,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திவிட்டால் ராத்திரியில் தெருவில் நின்று கத்துவான். போன மாதம் அக்கம்பக்கத்தார் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். விடியும்வரை லாக்கப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். லாக்கப் சாவு செய்திகளில் ‘இறந்தவர் மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்று ஒரு வரி வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்), விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியைப் படித்தால் எனக்கும் ஆத்திரம் வரும். நோயாளி என்றால் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டாமா? செத்ததற்கு நோயையே காரணமாக்கிவிடுகிறார்கள்.

என் சித்தப்பாவுக்கும் இதே நோய். ஒருமுறை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து ஏட்டு பெயர் கேட்டார். சித்தப்பா சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். மூன்றாம் முறை, “என்னடா, திமிரா?” என்று லத்தியால் மேசையைத் தட்டினார். சித்தப்பாவின் காதில் அப்போது வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஏட்டின் குரல் அவருக்கு எட்டவே இல்லை.

இங்கேதான் எல்லாம் தொடங்குகிறது. சொன்னதைக் கேட்கவில்லை என்று அடக்கப் பார்க்கிறார்கள். குப்புறத் தள்ளி முதுகில் அழுத்தினால் மூச்சு முட்டும். மூச்சுக்காகத் திமிறினால் எதிர்க்கிறான் என்று இன்னும் அழுத்துவார்கள்.

லண்டனில் ஷான் ரிக் என்ற 40 வயது இசைக்கலைஞர் 2008 ஆகஸ்டில் இறந்தார். அவருக்கும் மனச்சிதைவு. மருந்தை நிறுத்தியிருந்தார். விடுதி ஊழியர்கள் திரும்பத் திரும்ப அழைத்தும் போலீஸ் நேரத்துக்கு வரவில்லை. பிறகு தெருவில் பிடித்து, எட்டு நிமிடம் குப்புற அழுத்தி வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் திருடினார் என்றும் ஒரு குற்றச்சாட்டு. அது அவருடைய சொந்த பாஸ்போர்ட்! பிரிக்ஸ்டன் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகு உயிர் பிரிந்தது. அந்த பலப்பிரயோகம் தேவையற்றது என்று 2012இல் மரண விசாரணை ஜூரி சொன்னது. அதைச் சொல்லவைக்க அவருடைய சகோதரி மார்சியா நான்கு வருடம் ஓயாமல் போராட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 100ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒருவரைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்தால் கூடிய சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. உங்கள் தம்பியை அன்று அங்கே வைத்ததே தவறு.

தம்பி நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்து, பகலில் ஸ்டேஷனுக்குப் போங்கள். மருத்துவரின் சீட்டு நகல், தம்பியின் போட்டோ, உங்கள் போன் நம்பர் மூன்றையும் இன்ஸ்பெக்டரிடம் கொடுங்கள். இரவு கட்டுக்கடங்காமல் போனால் 108ஐக் கூப்பிடுங்கள். யாராவது அவனைக் கீழே தள்ளி அழுத்தினால், “குப்புறப் போடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க” என்று கத்திச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். உங்களுக்கே மனம் தாங்காத நேரத்தில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

அன்றைக்கு சித்தி மூச்சிரைக்க ஓடிவந்து, இடுப்பில் செருகியிருந்த நைந்துபோன மருந்துச் சீட்டை மேசையில் விரித்தார். ஏட்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு லத்தியை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, சித்தப்பாவுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.