பின் வளைந்தால் வாரண்டி போச்சா? மதர்போர்டு கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிளும் சர்வீஸும் செய்கிறேன். மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் உள்ள உலோக முள், அதாவது பின், வளைந்திருக்கிறது என்று வாரண்டி மறுக்கப்பட்டவர்கள் நம் கரையோர ஊர்களில் நிறையப் பேர். அவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து: அண்ணே, புது போர்டு ஆன் ஆகவில்லை. வாங்கிய கடையிலேயே கொடுத்தேன். "பின் வளைஞ்சிருக்கு, கஸ்டமர் டேமேஜ்" என்று திருப்பிவிட்டார்கள். நான் கொடுக்கும்போது நல்லாத்தான் இருந்தது.

கொடுத்தபோது கடையில் தந்த ரசீதை எடுத்துப் பாருங்கள் தம்பி. சாக்கெட் எப்படி இருந்தது என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா? பெரும்பாலும் "போர்டு, டெட்" என்று மட்டும்தான் எழுதுவார்கள். சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்களிடமிருந்து கடை, கடையிலிருந்து கொரியர், கொரியரிலிருந்து சர்வீஸ் சென்டர் என்று போர்டு கை மாறிக்கொண்டே போகிறது. எந்தக் கையில் வளைந்தது என்று யாருக்கும் தெரியாது. பழி மட்டும் காசு கொடுத்து வாங்கியவர் மேல் விழுகிறது. இது அநியாயம்.

கம்பெனி சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. அந்தப் பின்கள் மெல்லிய ஸ்பிரிங் மாதிரியானவை. இன்டெலின் எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட் வகையில் மட்டும் 1700 இருக்கின்றன. பிராசஸரைச் சாய்த்து வைத்தாலோ, கை நழுவி அது உள்ளே விழுந்தாலோ, விரலோ துணியோ பட்டாலோ வளையும். ஏதோ ஒன்று படாமல் தானாக வளைவது அபூர்வம். அதனால்தான் ஏறக்குறைய எல்லா கம்பெனிகளும் இதை வாரண்டிக்கு வெளியே வைத்திருக்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது: மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சீரியல் நம்பரும் சாக்கெட்டும் சேர்ந்து தெரியும் போட்டோ கேளுங்கள். போர்டு அவர்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது, வந்தவுடன் போட்டோ எடுத்தார்களா என்றும் கேளுங்கள். எல்லாம் இமெயிலில் இருக்கட்டும், போனில் பேசியது நிற்காது. பின்னை நிமிர்த்திக் கொடுக்கக் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டு வையுங்கள். சில கம்பெனிகள் காசுக்குச் செய்து தருகின்றன.

இனி போர்டு வாங்குகிறவர்களுக்கு: பெட்டியைக் கடையிலேயே பிரித்து, சாக்கெட் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, சாக்கெட்டைப் போட்டோ எடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கடைக்காரர் கண் முன்னால் இன்னொரு போட்டோ எடுத்து, "பின் சரியாக உள்ளது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் போர்டைக் கொடுக்காதீர்கள்.

மண்டபத்திலிருந்து: பின் வளைந்தால் கம்ப்யூட்டர் ஓடவே ஓடாதா? எனக்கு இரண்டு ரேம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை.

ஓடலாம். நிறைய பின்கள் கிரவுண்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ளவை. அதில் ஒன்று போனாலும் சில சமயம் தெரியாது. ரேம் பக்கம் போகும் பின் வளைந்தால் நீங்கள் சொன்ன மாதிரி ஒரு சேனல், அதாவது ரேமுக்குப் போகும் ஒரு பாதை மட்டும் செத்துப்போகும். கிராபிக்ஸ் கார்டு தெரியாமல் போவதும் உண்டு. ஆனால் ரேமே கெட்டிருக்கலாம், ஸ்லாட்டில் தூசி இருக்கலாம். நல்லா ஓடும் ரேமை அந்த ஸ்லாட்டில் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் பிராசஸரைக் கழற்றிவிட்டு, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து நாலு பக்கமிருந்தும் பாருங்கள். பின் நுனிகள் வரிசையாக ஒரே மாதிரி மின்னும். விரித்த வலையில் அறுந்த கண்ணி மாதிரி, வளைந்த பின் உடனே கண்ணில் படும்.

தொண்டியிலிருந்து: ஊசியால் நானே நிமிர்த்தலாமா?

வாரண்டி கேட்கப் போவதென்றால் தொடவே தொடாதீர்கள். நிமிர்த்திய தடம் தெரியும், அப்புறம் பேச்சுக்கே இடமில்லை. வாரண்டி முடிந்த போர்டு என்றால் லென்ஸ் வைத்து வேலை செய்யும் ஆளிடம் கொடுங்கள். இரண்டு முறை முன்னும் பின்னும் வளைந்தாலே முறியக்கூடிய பின் அது.

கீழக்கரையிலிருந்து: துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) வாங்கி அனுப்பிய போர்டு. இங்கே வாரண்டி கேட்கலாமா?

பெரும்பாலும் முடியாது. மதர்போர்டு வாரண்டி வாங்கிய நாட்டோடு நிற்பதுதான் வழக்கம். பில்லைப் பத்திரப்படுத்தி, ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்து, வாங்கிய கடையிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: என் பழைய ஏஎம்டி ரைசன் கம்ப்யூட்டரில் பிராசஸர் மேலிருக்கும் கூலரை இழுத்தபோது பிராசஸரும் சேர்ந்து வந்துவிட்டது. பின் வளைந்தது போர்டிலா?

இல்லை. பழைய ரைசன்களின் சாக்கெட் வகையான ஏஎம்4-ல் பின்கள் பிராசஸரில்தான் இருக்கின்றன. வாரண்டிப் பேச்சும் பிராசஸர் கம்பெனியோடுதான். 2022-ல் வந்த ஏஎம்5-லிருந்துதான் ஏஎம்டியின் வீட்டு உபயோக பிராசஸர்களுக்குப் பின்கள் போர்டுக்கு மாறின. கூலரைக் கழற்றும் முன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ஆஃப் செய்து, சூடு இருக்கும்போதே லேசாகத் திருகி எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் இளகியிருக்கும்.

பாம்பனிலிருந்து: கடற்கரை வீடு. உப்புக்காற்றால் பின் கெடுமா?

உப்புக்காற்று பின்னை வளைக்காது. ஆனால் போர்டில் பச்சை பூத்தால் அதுவும் அரிப்பு என்று சொல்லி வாரண்டியை மறுப்பார்கள். சும்மா கிடக்கும் போர்டை அதன் பையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது ரொம்ப அவசியம்.

உச்சிப்புளியிலிருந்து: கம்பெனி பதிலே தரவில்லை. பில் பெங்களூர் கடையுடையது. வழக்குப் போட அங்கே போக வேண்டுமா?

வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பதிவு செய்யுங்கள். அங்கிருந்து கேட்டாலே பதில் சொல்லும் கம்பெனிகள் உண்டு. ஆணையம் போட்டோவையும் ரசீதையும் இமெயிலையும்தான் பார்க்கும். அவை இல்லாமல் போனால் உங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும் மட்டும்தான் மிஞ்சும்.

ராமேஸ்வரத்திலிருந்து: சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி தொலைந்துவிட்டது. அப்படியே கொரியரில் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். மூடி இல்லாத போர்டை வாங்க மாட்டோம் என்று சொல்லும் மையங்கள் உண்டு. வாங்கினாலும் வழியில் பின் வளைந்தால் பொறுப்பு உங்களுடையது. அசெம்பிள் செய்யும் கடைகளில் மூடி கிடக்கும், அதே சாக்கெட்டுக்கு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். என்னிடம் வந்தாலும் தருகிறேன், காசு வேண்டாம்.