நோயாளியின் ஜன்னல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

நானும் என் கணவரும் மருத்துவர்கள். கோவில்பட்டி பக்கம் 12 சென்ட் மனையில், இருபது படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை கட்டுகிறோம். கட்டடத்துக்குள் இயற்கையைக் கொண்டுவந்தால் நோயாளிகள் சீக்கிரம் தேறுவார்கள் என்று சொல்லி, ரிசப்ஷனில் ஒரு சுவர் முழுக்கச் செடி வளர்க்கலாம் என்கிறார் ஆர்க்கிடெக்ட். மனையின் வடகிழக்கு மூலையில் ஒரு பழைய வேம்பு நிற்கிறது. அதை எடுத்துவிட்டு அங்கே ஜெனரேட்டர் வைப்பதாக அவரே வரைந்தும் கொடுத்திருக்கிறார். செலவு செய்யத் தயங்கவில்லை. இதில் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை வெறும் ஃபேஷனா?

எஸ்.

அன்புள்ள டாக்டர்,

பலன் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், அந்த வேம்பை வெட்டாதீர்கள்.

1984இல் ரோஜர் அல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்திருந்தார். அறைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. சில ஜன்னல்களில் மரங்கள் தெரியும், மற்றவற்றில் எதிரே இருக்கும் செங்கல் சுவர்தான். வயது, புகைப்பழக்கம் எல்லாம் பொருத்தி 23 ஜோடிகளாக ஒப்பிட்டார். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீரியமான வலி மருந்து அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. அழுகிறார், தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது போன்ற நர்ஸ்களின் குறிப்புகளும் குறைவு. இலையுதிர்ந்த மொட்டை மரம் கணக்கில் வந்துவிடக் கூடாது என்று மே முதல் அக்டோபர் வரை சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. 46 பேர் ரொம்பக் குறைவு என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். ஆனாலும் கட்டிலில் படுத்தபடி எதைப் பார்க்கிறோம் என்பது உடம்பு தேறுவதோடு சம்பந்தப்பட்டது என்பதை மருத்துவமனை கட்டுகிறவர்கள் யோசிக்கத் தொடங்கியதில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டடக் கலைஞர்களில் சிலர் அதற்கும் முன்பே யோசித்தார்கள். பின்லாந்தில் பாய்மியோ என்ற ஊரில், பைன் காட்டுக்கு நடுவே, அல்வர் ஆல்ட்டோவும் ஐனோ ஆல்ட்டோவும் கட்டிய காசநோய் மருத்துவமனை 1933இல் முடிந்தது. நாளெல்லாம் மல்லாந்து படுத்திருப்பவருக்குக் கூரைதான் உலகம். அதனால் அங்கே கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை அடித்தார்கள். விளக்கு நேராகக் கண்ணில் படாதபடி வைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடாமல் கைகழுவ, தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி வாஷ்பேசினைச் சாய்த்து அமைத்தார்கள்.

உங்கள் பிளானை எடுத்து ஜன்னலின் சில் மட்டம், அதாவது தரையிலிருந்து ஜன்னலின் கீழ் விளிம்பு வரை உள்ள உயரம், எவ்வளவு என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் மூன்று, மூன்றரை அடி வைப்பார்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு அதில் சன்ஷேடின் அடிப்பாகமும் கொஞ்சம் வானமும் தெரியும். இரண்டடிக்கு இறக்கி, உறுதியான கம்பி போட்டு, கட்டிலை ஜன்னலுக்கு இணையாகப் போட்டால் வேம்பு முழுசாகத் தெரியும். வார்டுகள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கட்டும். மாடிப்படி, கழிவறை, ஸ்டோர் எல்லாம் மேற்கு வெயிலைத் தாங்கிக்கொள்ளட்டும். ஜெனரேட்டரும் அந்தப் பக்கமே போகட்டும், புகைக்குழாயை மட்டும் மொட்டைமாடிக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

செடிச்சுவர் எனக்கு உவப்பாக இல்லை. டோக்கன் வாங்க நிற்கிற பத்து நிமிஷத்துக்கு அவ்வளவு பணமா? செடிக்குத் தண்ணீர் விடும் மோட்டார் நின்றால் ஒரு வாரத்தில் காய்ந்து தொங்கும். ஈர மண்ணில் வளரும் பூஞ்சை நோய் எதிர்ப்பு குறைந்தவர்களை என்ன செய்யும் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். செடி வெளியே இருக்கட்டும், பார்வை உள்ளே வரட்டும்.

நம் தட்பவெப்பத்துக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூர் ஈஷூனில் 2010இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனையைப் பாருங்கள். நடுமுற்றத்தைப் பக்கத்துக் குளத்தை நோக்கித் திறந்துவிட்டிருக்கிறார்கள், மொட்டைமாடியில் காய்கறி விளைகிறது. அரசு மானிய வார்டுகளில் ஏசி கிடையாது. வெளிச்சுவரில் நிறுத்திய தடுப்புகள் காற்றைத் திருப்பி உள்ளே அனுப்புகின்றன. குறைந்த கட்டணம் கட்டுகிறவருக்கு நல்ல காற்று கிடைக்க இத்தனை மெனக்கெட்டிருக்கிறார்களே, அதற்காகவே எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் மதிப்பு. நம் ஊரில் கொசுவலை அடிக்காமல் ஜன்னலைத் திறக்க முடியாது, அந்தச் செலவை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நோயாளியோடு கூட வருகிறவர்கள். வராந்தாவில் பாய் விரித்து, சோற்றுத்தூக்கோடு நாள்கணக்கில் கிடக்கும் அவர்களை யாரும் பிளானில் வரைவதில்லை. வேம்படியில் சுற்றித் திண்ணை கட்டி, ஒரு குழாயும் போட்டுக்கொடுங்கள். செடிச்சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

சுவர் லிண்டல் வரை, அதாவது ஜன்னலுக்கு மேலே வரும் உத்திரம் வரை, எழும்பிவிட்டால் ஜன்னலை இறக்குவது இரட்டை வேலை. இந்த வாரமே ஆர்க்கிடெக்டிடம் பேசிவிடுங்கள்.