டெக்ஸ்ட் எடிட்டருக்கு வரும் ஆலோசனைகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: நான் எழுதிய டெக்ஸ்ட் எடிட்டரில் (கணினியில் தட்டெழுதித் திருத்தும் மென்பொருள்) அந்த வசதி வேண்டும், இந்த வசதி வேண்டும் என்று தினமும் கேட்கிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து நானும் ஒரு சின்ன எடிட்டரைக் கட்டி மேய்க்கிறேன். கேட்ட வசதியைப் பற்றிப் பேசாதீர்கள். "என்ன செஞ்சிட்டு இருந்தப்போ இது தேவைப்பட்டுச்சு?" என்று கேளுங்கள்.

ரவுண்டானா பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "தேடல்ல புதுசா ஒரு பட்டன் வைப்பா" என்றார். கடைக்கே போய்ப் பார்த்தேன். பத்திரிகையில் 'கொ' கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் சிக்கவில்லை. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றினேன். பட்டனே தேவைப்படவில்லை.

எழுத்து எண்ணிக்கையும் அப்படித்தான். 'கிருஷ்ணகிரி' நமக்கு 6 எழுத்து, எடிட்டர் துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 11 என்று காட்டியது. குறைசொன்னவர் சொன்னதே சரி, உடனே திருத்தினேன்.

செய்யப் போவதில்லை என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். மாங்காய் மண்டிக் கணக்குப் போட அட்டவணை கேட்டவரிடம், "அதுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் இருக்குங்க, இதுல வராது" என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார், இப்போதும் என் எடிட்டரில்தான் தட்டுகிறார். "பார்க்கலாம்" மட்டும் வேண்டாம். அந்த வார்த்தையை நம்பி ஒருவர் ஒரு வருஷம் காத்திருந்தார், எனக்கே வெட்கமாகிவிட்டது.