கரன்ட் பில்லை வைத்துக் கணக்குப் பரீட்சை நடத்தலாமா? – ஆசிரியர் கேள்வி பதில்

வாழ்க்கையோடு ஒட்டிய செயல்பாடுகளைக் கொடுத்து மாணவர்களின் கற்றலை மதிப்பிடுவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலரும் கேட்டிருக்கும் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: "வாழ்க்கைச் சூழலோடு இணைத்துக் கேளுங்கள்" என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறார்கள். புத்தகத்திலேயே "ராமு 12 ரூபாய் வீதம் 5 பேனா வாங்கினான்" என்று கணக்கு வருகிறதே, அது போதாதா?
– எட்டாம் வகுப்பு கணித ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: போதாது. ராமுவை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது 12 × 5 மட்டும்தான். எந்த எண் வேண்டும், எதைப் பெருக்க வேண்டும் என்பதெல்லாம் கேள்வி எழுதும்போதே முடிவாகிவிட்டது. மாணவர் தானே யோசித்து முடிவெடுக்க ஓர் இடமாவது இருக்க வேண்டும். நாங்கள் பார்ப்பது அதை மட்டும்தான்.

மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புகளுக்கு 2022 செப்டம்பரில் வந்த அட்டவணைப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை போனால் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஐந்நூறைத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும்: 101 முதல் 400 வரை முழுக்க ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6, அதற்கு மேல் 600 வரை ரூ.8. பிறகு கட்டணம் உயர்ந்துவிட்டது. அதனால் வகுப்பில் நடத்தும்போது நடப்பு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடவேளையில் இரண்டு வீடுகளுக்குக் கட்டணம் போடச் சொல்லுங்கள். ஒரு வீடு 500 யூனிட், இன்னொன்று 501. மேலே சொன்ன அட்டவணைப்படி முதல் வீட்டுக்கு ரூ.1,725, இரண்டாவது வீட்டுக்கு ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம்.

இங்கே தவறான விடைகள்தான் ஆசிரியருக்கு அதிகம் பேசும். 501-க்கு ரூ.4,008 என்று எழுதிய பிள்ளை, எல்லா யூனிட்டையும் எட்டால் பெருக்கியிருக்கிறது. படிநிலைக் கட்டணம் என்ற கருத்தே பிடிபடவில்லை. ரூ.1,733 என்று எழுதிய பிள்ளைக்குப் படிநிலை புரிந்திருக்கிறது, ஆனால் ஐந்நூறுக்கு மேல் அட்டவணை மாறும் என்ற வரியைப் படிக்காமல் 1,725-உடன் 8-ஐக் கூட்டிவிட்டது. இரண்டுமே தப்புதான். ஆனால் முதல் பிள்ளைக்குத் திரும்ப நடத்த வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அட்டவணையைக் கடைசி வரி வரை வாசிக்கப் பழக்கினால் போதும். இரண்டுக்கும் ஒரே பூஜ்யம் போட்டால் இந்தத் தகவல் குப்பைக்குப் போய்விடும்.

இரண்டாவது பாடவேளையில் முடிவெடுக்கும் பகுதி. ஒரு வீட்டில் 50 நாளில் 440 யூனிட் ஓடியிருக்கிறது. கணக்கெடுக்க இன்னும் 10 நாள். நாளொன்றுக்குச் செலவு இப்படி: ஏ.சி. 4 மணி நேரம், மணிக்கு 1.2 யூனிட் வீதம் 4.8, மூன்று மின்விசிறிகள் 1.8, 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் 1, இஸ்திரிப் பெட்டி 0.5, மற்றவை 0.7. மொத்தம் 8.8 யூனிட். இப்படியே போனால் 60 நாளில் 528 யூனிட், கட்டணம் ரூ.2,174. "ஐந்நூறுக்குள் நிறுத்த என்ன செய்யலாம்? எவ்வளவு மிச்சமாகும்? அந்த மிச்சத்துக்கு இந்தச் சிரமம் தகுமா?" என்று கேளுங்கள்.

நாளுக்கு 2.8 யூனிட் குறைக்க வேண்டும். ஹீட்டரையும் இஸ்திரியையும் அடியோடு நிறுத்தினாலும் 1.5 தான் குறையும். பலர் இங்கேயே கணக்குப் பார்க்காமல் நின்றுவிடுவார்கள். ஏ.சி.யை மட்டும் குறைப்பதென்றால் தினம் 2 மணி 20 நிமிடம் குறைக்க வேண்டும். இரண்டையும் கலந்தும் செய்யலாம். மிச்சம் ரூ.449. "வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஏ.சி.யைக் குறைக்க மாட்டேன், பணத்தைக் கட்டிவிடுவேன்" என்று ஒரு மாணவி கணக்கோடு எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண். பத்து மதிப்பெண்ணில் கணக்கீட்டுக்கு 4, குறைக்கும் திட்டத்துக்கு 3, காரணத்துக்கு 3 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. "வீட்டு பில்லை எடுத்து வா" என்று சொல்லாதீர்கள். யார் வீட்டில் ஏ.சி. ஓடுகிறது, யார் வீட்டில் பாக்கி நிற்கிறது என்பதெல்லாம் வகுப்புக்குத் தெரிந்துவிடும். பெயரும் இணைப்பு எண்ணும் இல்லாத மாதிரிப் பில்களை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. மாதம் ஒரு புராஜெக்ட். தெர்மாகோல், சார்ட், கலர் பேப்பர் என்று செலவு ஒரு பக்கம், ராத்திரி பதினொரு மணி வரை ஒட்டுவது நானும் என் கணவரும். இதில் பிள்ளையின் கற்றல் எங்கே இருக்கிறது?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. எரிமலை மாதிரிக்கு மதிப்பெண் போடும்போது பசையும் வண்ணமும்தான் மதிப்பெண் வாங்குகின்றன. ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வீட்டில் தகவல் திரட்டட்டும், படைப்பு வகுப்பறையில் உருவாகட்டும். பொருள் எதுவானாலும் பள்ளியிலேயே இருப்பதை, எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுங்கள். அழகுக்கு மதிப்பெண் ஒதுக்காதீர்கள். ஒதுக்கியே ஆக வேண்டுமென்றால் பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நீங்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தாள் வந்தாலே பாதித் தெர்மாகோல் குறைந்துவிடும்.

கேள்வி: ரூப்ரிக் (எப்படி எழுதினால் எத்தனை மதிப்பெண் என்று நிலை நிலையாகச் சொல்லும் அட்டவணை) தயாரித்தால் "மிக நன்று, நன்று, சுமார், முயற்சி தேவை" என்பதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. ஒரே தாளுக்கு நானும் சக ஆசிரியரும் வேறு வேறு மதிப்பெண் போடுகிறோம்.
– அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: "மிக நன்று" என்பது உங்கள் அபிப்பிராயம். தாளில் கண்ணால் பார்க்கக்கூடியது என்ன என்று எழுதினால்தான் இன்னொருவரும் அதே மதிப்பெண்ணுக்கு வருவார்.

மழைநீர்ச் சேகரிப்புச் செயல்பாடு ஒன்றைப் பாருங்கள். வகுப்பறைக் கூரையை மாணவர்களே டேப் பிடித்து அளக்கிறார்கள். 8 மீட்டருக்கு 6 மீட்டர், 48 சதுர மீட்டர். 25 மி.மீ. மழை பெய்தால் எத்தனை லிட்டர் கிடைக்கும், 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி போதுமா என்பது கேள்வி. 25 மி.மீ. என்பது 0.025 மீட்டர், 48 × 0.025 = 1.2 கன மீட்டர், அதாவது 1,200 லிட்டர். கான்கிரீட் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்துக்கொண்டால் 960 லிட்டர். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விடுவதைக் கழித்தால் இன்னும் குறையும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அலகு மாற்றமே தெரியாத மாணவரும் 48-ஐ 25-ஆல் பெருக்கி 1,200 என்று எழுதிவிடுவார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது சரியாக ஒரு லிட்டர் என்பதால், எதுவும் புரியாமலேயே சரியான எண் வந்துவிடும். எண்ணை மட்டும் பார்த்துத் திருத்தினால் ஏமாந்துபோவீர்கள். ஆகவே "அலகு" என்ற கூறுக்கு நான்கு நிலைகளை இப்படி எழுதலாம்:

4 – மி.மீ.யை மீட்டராகவும் கன மீட்டரை லிட்டராகவும் மாற்றிய படிகள் இருக்கின்றன. அல்லது ஒரு மி.மீ. மழை ஏன் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று விளக்கியிருக்கிறார்.
3 – மாற்றங்கள் சரி, ஒரு படியில் மட்டும் அலகு எழுதவில்லை.
2 – 1,200 சரி, ஆனால் எப்படி லிட்டர் ஆனது என்பதற்குத் தாளில் எதுவும் இல்லை.
1 – 1,200 கன மீட்டர் என்றோ அலகே இல்லாமலோ எழுதியிருக்கிறார்.

இதே மாதிரி அளவெடுத்தல், இழப்பைக் கணக்கில் எடுத்தல், தொட்டி பற்றிய முடிவு என்று இன்னும் மூன்று கூறுகள் போதும். ஏழெட்டுக் கூறு வைத்தால் பத்தாவது தாளுக்குப் பிறகு யாரும் ரூப்ரிக்கைப் பார்ப்பதில்லை, மனக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள்.

நிலைகளைக் கற்பனையில் எழுதாதீர்கள். முதல் வகுப்பில் வந்த தாள்களை மதிப்பெண் போடாமல் நான்கு அடுக்காகப் பிரியுங்கள். பிறகு "இந்தத் தாள் ஏன் இந்த அடுக்கில் இருக்கிறது?" என்று கேட்டு அந்தக் காரணத்தை எழுதுங்கள். நீங்களும் சக ஆசிரியரும் ஐந்து தாள்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். ஒரு நிலைக்கு மேல் வித்தியாசம் வரும் கூறில் வாசகத்தைத் திருத்துங்கள். மதிப்பெண்ணைச் சராசரி போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

கேள்வி: குழு வேலையில் இரண்டு பேர் உழைக்கிறார்கள், நான்கு பேர் மதிப்பெண் வாங்குகிறார்கள். என்ன செய்வது?

பதில்: தகவல் திரட்டுவதும் அளப்பதும் குழுவாக. முடிவும் காரணமும் தனித்தனித் தாளில், பேசாமல், 20 நிமிடத்தில். தனித்தாளுக்கு மட்டும் மதிப்பெண். வேலையில் கலந்துகொள்ளாதவருக்கு எழுத ஒன்றும் இருக்காது.

கேள்வி: தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பக் கடிதம் என்றாலே நோட்ஸில் இருப்பதை ஒப்பித்து எழுதிவிடுகிறார்கள். வெறும் வார்ப்புரு. மொழித்திறனை எப்படித்தான் சோதிப்பது?
– ஒன்பதாம் வகுப்பு தமிழாசிரியர், மதுரை

பதில்: தெருவிளக்குக் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னால் "நாங்கள் மிகுந்த இன்னலுக்கு ஆளாகிறோம்" என்ற வரி எல்லாத் தாளிலும் வரும். மாற்றாக, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதச் சொல்லிப் பாருங்கள். 2005-இல் வந்த சட்டம். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டியும் கட்டலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மொழிப் பாடத்துக்கு இது ஏன் பொருத்தம் என்றால், இந்தச் சட்டத்தில் அலுவலகத்தின் கையில் ஆவணமாக இருப்பதைத்தான் கேட்டு வாங்க முடியும். காரணம் சொல்லச் சொல்லியோ குறையைத் தீர்க்கச் சொல்லியோ கேட்டால் பயன் இருக்காது. ஆகவே வாக்கியம் துல்லியமாக இருந்தே தீர வேண்டும்.

மாணவர்களிடம் ஐந்து புகார் வாக்கியங்களைக் கொடுங்கள். "எங்கள் தெருவில் ஏன் இன்னும் சாலை போடவில்லை?" என்பது ஒன்று. இதைப் பதில் வரக்கூடிய கேள்வியாக மாற்ற வேண்டும். "2023–24 நிதியாண்டில் இத்தெருவின் சாலைப் பணிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? அப்பணிக்கான ஆணையின் நகல் தருக" என்று எழுதினால் தேறிவிட்டார். "சாலைப் பணி பற்றிய எல்லா விவரமும் தருக" என்றால் பாதி மதிப்பெண்தான். எந்த ஆண்டு, எந்தத் தெரு, எந்த ஆவணம் என்பது இல்லை. உணர்ச்சி வார்த்தைகளை எடுத்துவிட்டு, காலம், இடம், ஆவணம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழப்பமில்லாமல் அடக்குவது சின்னத் திறமை இல்லை. வேற்றுமை உருபும் ஒருமை பன்மையும் தப்பினால் பொருளே மாறிவிடும் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

மனுவை உண்மையில் அனுப்புவதா என்பது தலைமையாசிரியரோடும் பெற்றோரோடும் பேசி முடிவெடுக்க வேண்டியது. மதிப்பீட்டுக்கு அது அவசியம் இல்லை. அனுப்ப விருப்பமில்லாத பள்ளிகள் கிராமசபையில் வாசிக்கும் கோரிக்கையாக மாற்றிக்கொள்ளலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் தமிழ்நாட்டில் நடக்கின்றன. அந்தத் தேதிகளை ஒட்டிச் செயல்பாட்டை வைத்தால் கேட்க நிஜமாகவே ஆள் இருப்பார்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியில் கேட்டு எழுதி வருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்டுபிடிக்கும் வேலையில் இறங்காதீர்கள், அதற்கு முடிவே கிடையாது. உங்கள் பள்ளிக் கூரையின் அளவு, நேற்று சத்துணவுக் கூடத்தில் மிஞ்சிய சோற்றின் எடை, பள்ளி வாசலில் அரை மணி நேரத்தில் போன வண்டிகளின் எண்ணிக்கை போன்ற தகவல்கள் அதனிடம் இல்லை. அவற்றை மாணவரே எடுத்து வர வேண்டிய கேள்வியாக வையுங்கள். பிறகு இரண்டே நிமிடம் பேசுங்கள்: "இழப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறாயே, ஓட்டுக் கூரையாக இருந்தால் மாற்றுவாயா?" தானே யோசித்து எழுதியவர் தடுமாறினாலும் பதில் சொல்வார்.

கேள்வி: எழுதத் திணறும் மாணவர் வாயால் சொன்னால் ஏற்கலாமா? மற்றவர்கள் "அநியாயம்" என்கிறார்கள்.

பதில்: எதைச் சோதிக்கிறீர்கள் என்று பாருங்கள். மழைநீர்க் கணக்கில் எழுத்துத் திறன் நீங்கள் சோதிக்கும் கூறு இல்லை. வாயால் சொல்லட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். மனு எழுதும் செயல்பாட்டில் எழுத்தேதான் சோதனை. அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள், வாய்மொழி வேண்டாம்.

கேள்வி: 45 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை. மாதம் எத்தனை செயல்பாடு வைக்கச் சொல்கிறீர்கள்?
– பட்டதாரி ஆசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: மாதக்கணக்கே வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தில் ஒன்று, நன்றாக யோசித்து, இரண்டு பாடவேளையில் முடிவது மாதிரி. வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்ற பிரிப்பு 2012–13-இல், ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறையோடு வந்தபோது, செயல்பாடுகளின் எண்ணிக்கையைக் காட்டுவதே வேலையாகிப்போன பள்ளிகள் உண்டு. பதிவேடு நிரம்பியது, வேறொன்றும் நடக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மின்கட்டணச் செயல்பாடு ஒன்று, பாடத்தில் இருக்கும் பத்துக் கருத்துகளில் இரண்டு மூன்றைத்தான் தொடும். மீதிக்குப் பத்து நிமிடச் சிறுதேர்வுதான் சரியான கருவி, அதைக் கைவிடாதீர்கள். திருத்தும் நேரத்துக்கு ஒரு வழி: விடை ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று தாளிலேயே கட்டம் போட்டுக் கொடுங்கள். ஒரு கூறை 45 தாளுக்கும் பார்த்து முடித்துவிட்டு அடுத்த கூறுக்குப் போங்கள். நான்கு கூறையும் ஒரே மூச்சில் பார்த்துக்கொண்டு போவதைவிட இது வேகம். முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் அளவுகோலும் மாறாது.