எட்டு மணி நேர ரெஸ்ட்டும் அறுநூறு ரவுண்டு சண்டையும்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்: ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம், நடத்துபவர் டி.எம். பழைய கேரம் போர்டுதான் மேசை. டைஸ் பாக்கெட்டில் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. ரெஸ்ட் எடுப்பது பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு, இங்கே பதில். ஒரே ஒரு வேண்டுகோள்: ஆடுவது 2014 விதிப் புத்தகமா, 2024 விதிப் புத்தகமா என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பாதித் தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வியாசர்பாடி: புதுசா ஆட வந்திருக்கேன் அண்ணா. ஷார்ட் ரெஸ்ட், லாங் ரெஸ்ட், என்ன வித்தியாசம்?

வா தம்பி. ஷார்ட் ரெஸ்ட் என்றால் குறைந்தது 1 மணி நேரம் உட்காருவது. சாப்பிடலாம், காயத்துக்குக் கட்டுப் போடலாம். கையிருப்பில் உள்ள ஹிட் டைஸை, அதாவது குணமாக உருட்டும் பகடைகளை, செலவழித்து ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) ஏற்றிக்கொள்ளலாம். மூன்றாம் லெவல் ஃபைட்டரிடம் (சண்டை வீரரிடம்) டி10, அதாவது பத்துமுகப் பகடை, மூன்று இருக்கும். ஒன்றை உருட்டி 6 விழுந்தது, கான்ஸ்டிட்யூஷனுக்கு (உடல் வலுவுக்கு) 2 சேர்த்தால் 8 ஏறும். போதவில்லையா, இன்னொன்றை உருட்டு. லாங் ரெஸ்ட் 8 மணி நேரம். அதில் 6 மணி தூக்கம். மீதியில் காவல், பேச்சு, படிப்பு. எழுந்ததும் ஹிட் பாயிண்டும், மந்திரம் போடச் செலவாகும் ஸ்பெல் ஸ்லாட்டும் முழுசாகத் திரும்பும். செலவான ஹிட் டைஸில் திரும்புவது, 2014இல் மொத்தக் கையிருப்பில் பாதி அளவு வரை, 2024இல் முழுவதும்.

ராயபுரம்: எங்கள் ஆட்கள் ஒரு சண்டை முடிந்ததும் படுத்துவிடுகிறார்கள். வார்லாக் என்ற மந்திரவாதியாக ஆடும் தங்கச்சி மட்டும் "எனக்கு வேலையே இல்லை" என்று புலம்புகிறாள். 2014 புத்தகம்.

அவள் புலம்பலில் நியாயம் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். விசார்டும் மந்திரவாதிதான். மூன்றாம் லெவலில் அவருக்கு மொத்தம் 6 ஸ்லாட், லாங் ரெஸ்டில்தான் திரும்பும். நடுவே ஆர்கேன் ரிகவரி என்ற விசார்ட் திறமையில் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். அதே லெவல் வார்லாக்குக்கு 2 ஸ்லாட்தான், ஆனால் ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டிலும் திரும்பிவிடும். ஒரு நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் எடுத்தால் அவளுக்கும் 6 ஆகிறது. ஒன்றுகூட எடுக்காவிட்டால் விசார்டுக்கு 6, இவளுக்கு 2. ஃபைட்டருக்குக் கூடுதலாக ஒரு செயல் தரும் ஆக்‌ஷன் சர்ஜும் இதே கதை. டி.எம். புத்தகம் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே சண்டையோடு கடையைச் சாத்தினால் விசார்ட் ராஜா.

24 மணி நேரத்துக்கு ஒரு லாங் ரெஸ்ட்தான் என்ற விதியை முதலில் கையில் எடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. பகல் முழுக்கக் காத்திருந்து ராத்திரி படுத்துக்கொள்வார்கள். அவர்கள் தூங்கும்போதும் உலகம் நகர வேண்டும். காசிமேட்டில் ஏலம் முடிந்த பிறகு போய் வஞ்சிரம் கேட்டால் யார் எடுத்து வைத்திருப்பார்கள்? என் ஆட்டத்தில் கடத்தல் கப்பல் ஒன்று சாயங்காலம் கிளம்பும் என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். படுத்தார்கள். எழுந்தபோது துறையில் அறுத்துவிட்ட கயிறுதான் கிடந்தது. விசார்ட் ஆடியவர் அத்தோ பொட்டலம் வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொருக்குப்பேட்டை: ஆட்டத்தில் வரும் எல்ஃப் இனம் தூங்குமா?

தூங்காது. தியானம் மாதிரியான 4 மணி நேர டிரான்ஸில் லாங் ரெஸ்ட் முடிந்துவிடும். மீதி நேரம் காவலுக்கு நிறுத்துங்கள்.

மணலி: லாங் ரெஸ்டில் ஹிட் டைஸ் எத்தனை திரும்பும்?

எந்தப் புத்தகம்? இரண்டுக்கும் மேலே சொல்லியிருக்கிறேன்.

எர்ணாவூர்: நடுராத்திரியில் கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) வந்தன, 5 ரவுண்டில் முடித்தோம். ரெஸ்ட் கெட்டது, முதலிலிருந்து 8 மணி நேரம் என்கிறார் டி.எம். சரியா? 2014.

சரியில்லை. ஒரு ரவுண்டு 6 விநாடி. உங்கள் சண்டை அரை நிமிஷம். நடை, சண்டை, மந்திரம் என்று குறைந்தது 1 மணி நேரம் போனால்தான் முதலிலிருந்து.

பெரம்பூர்: விதியில் "1 மணி நேர நடை" என்றதும் கமா வருகிறது, அதனால் அந்த 1 மணி நேரம் நடைக்கு மட்டும்தான் சார். சண்டைக்கும் என்றால் 600 ரவுண்டு வருகிறது. யார் ஆடுவார்கள்?

யாரும் ஆட மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், சின்னச் சண்டையால் ரெஸ்ட் கெடக்கூடாது என்பதே அந்த வரியின் நோக்கம். உங்கள் கணக்குப்படி, காவலுக்கு நிற்பவர் வெளிச்சத்துக்காக ஒரு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத குட்டி மந்திரம்) போட்டாலும் அவர் ராத்திரி பாழ்.

திருவொற்றியூர்: அப்போது ராத்திரித் தாக்குதலால் என்ன பயன்?

நிறைய. மிச்சம் வைத்திருந்த ஸ்லாட் போகும். ஹெவி ஆர்மர் (கனமான கவசம்) மாட்ட 10 நிமிஷம் ஆகும், அதற்குள் கோப்ளின் காத்திருக்காது. பாலடின் வீரர் வெறும் சட்டையோடுதான் நிற்க வேண்டும்.

பெரம்பூர்: 2024இல் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்று பார்க்க) உருட்டினாலே தடை என்று போட்டுவிட்டார்களே. நான் சொன்னதுதான் சரி.

அவர் கேட்டது 2014. சரி, 2024க்கே வருவோம். இனிஷியேட்டிவ், அடி வாங்குவது, கேன்ட்ரிப் அல்லாத மந்திரம் எல்லாமே தடைதான். ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒவ்வொரு தடைக்கும் 1 மணி நேரம் கூடும். ஆக, எர்ணாவூர் கோப்ளின்களுக்காக முதலிலிருந்து 8 மணி நேரம் என்பது இரண்டு புத்தகத்திலும் கிடையாது.

பெரம்பூர்: ஆனாலும் அந்தக் கமா...

டீ குடித்துவிட்டு வாங்க.

எண்ணூர்: எங்களுடையது நீண்ட பயணக் கதை. மூன்று நாளைக்கு ஒரு சண்டை வந்தால் அதிகம். எல்லாரும் எப்போதும் முழு பலத்தோடு நிற்கிறார்கள்.

2014 டி.எம். புத்தகத்தில் இதற்கென்றே மாற்று விதி உண்டு: ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். பயணக் கதைக்கு அழகாகப் பொருந்தும். மேஜ் ஆர்மர் மாதிரி 8 மணி நேரம் நிற்கும் மந்திரங்கள் மட்டும் அடிபடும், அவற்றின் நேரத்தை நீட்டிக் கொடுங்கள். கேரக்டர் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பாதியில் மாற்றினால் சண்டை மேசைக்கு வெளியே நடக்கும்.

மாதவரம்: பாத்ஃபைண்டரில் எப்படி?

அது வேறு ஆட்டம். அதை நடத்துகிறவர்களைக் கேளுங்கள்.

கொடுங்கையூர்: ஹிட் டைஸ் பாதியா, முழுசா?

எந்தப் புத்தகம்?

பழைய வண்ணாரப்பேட்டை: சண்டை நடுவில் கரண்ட் போய் ஆட்டத்தை நிறுத்தினோம். ஒரு வாரம் ஆயிற்று, லாங் ரெஸ்ட் கணக்கில் வராதா?

நீங்கள் தூங்கியதற்கு கேரக்டருக்கு ஹிட் பாயிண்ட் ஏறாது. விட்ட ரவுண்டிலிருந்தே தொடங்குங்கள். எண்களை போட்டோ எடுத்து வையுங்கள்; ஒரு தடவை நான் மாடித் தரையில் சாக்பீஸால் எழுதிவைத்தேன், மழை வந்து எல்லாரையும் குணமாக்கிவிட்டது.