உழுத நிலம் வெடிக்கிறது, டிராக்டர் பொம்மையாகத் தெரிகிறது: பதில்

வணக்கம். 1:32 அளவு (உண்மை வண்டியில் 32-ல் ஒரு பங்கு) மாதிரி டிராக்டருக்காக நீங்கள் அமைத்த உழவு நிலம் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிட்டது, 25 மில்லிமீட்டர் இடைவெளியில் சால் போட்டும் வண்டி பொம்மை போலவே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 1:64 அளவு அறுவடை இயந்திரத்தை அதனருகே நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வெடிப்புக்குக் காரணம் பூச்சின் கனம்தான். மண்ணும் பசையும் நீரும் கலந்த குழம்பைத் தடிமனாக இட்டால், ஈரம் போகப் போக அது சுருங்கியே தீரும். சால்களை நுரைப்பலகையிலேயே செதுக்கிவிடுங்கள். அதற்குப் பழுப்பு அக்ரிலிக் வண்ணம் பூசி, உலர்ந்தபின் வெள்ளைப் பசை தடவி, சலித்த உலர்மண்ணை மெல்லத் தூவினால் போதும்.

பொம்மைத் தோற்றத்துக்கு அந்த 25 மில்லிமீட்டரே முக்கியக் காரணம் என்பேன். உண்மை வயலில் அது 80 சென்டிமீட்டர் ஆகிவிடும்! மண்ணைப் புரட்டிப்போடும் இறக்கைக் கலப்பையின் சால் பெரும்பாலும் 35 முதல் 40 சென்டிமீட்டர்தான். உங்கள் அளவில் 11, 12 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இத்தகைய கலப்பையால் உழும்போது பெரும்பாலும் டிராக்டரின் ஒரு பக்கச் சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் இறங்கி ஓடும். வண்டி சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் கொடுத்துப் பாருங்கள், வண்டிக்கு எடை வந்துவிடும். டயர் பளபளப்பை மங்கல் வார்னிஷ் போக்கும். சேற்றை டயர்ப் பற்களின் இடுக்குகளில் மட்டும் அப்புங்கள்.

1:64 அறுவடை இயந்திரத்தின் அளவுகோல் டிராக்டருடையதில் பாதிதான் என்பதால், அதை டிராக்டர் அருகே நிறுத்தவே வேண்டாம். பின் ஓரத்தில், தொலைவில் தெரிவதுபோல் வைக்கலாம்.